தெருவில் சிக்னல் இருந்தால் போதும்: செல்போன் கம்பெனியின் உரிமம் எப்போது ரத்தாகும்?

கானாடுகாத்தானில் எங்களுக்குச் சொந்தக்கார ஆச்சி ஒருவர் இருக்கிறார். சிங்கப்பூரிலிருந்து மகன் கூப்பிடும் நேரம் தெரியும் என்பதால், சாயங்காலம் ஆறரைக்கே போனை எடுத்துக்கொண்டு முகப்புத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார். வளவுக்குள், அதாவது உள்முற்றத்தில், ஒரு கோடு சிக்னல் வந்தால் அதிசயம். இரண்டாங்கட்டில் அதுவும் கிடையாது. அடுப்படிக்குப் போய்விட்டால் போன் வெறும் கடிகாரம்தான். "வீட்டைக் கட்டினவுக பர்மாவுலேருந்து தேக்கு கொண்டாந்தாக, சிக்னல் வர ஒரு ஓட்டை விட மறந்துட்டாக" என்பார்.

போன மாதம் போயிருந்தபோது ஒரு கேள்வி கேட்டார். "வீட்டுக்குள்ள எடுக்கலைன்னா அந்தக் கம்பெனியோட லைசென்ஸைப் புடுங்க மாட்டாகளா தம்பி?"

மாட்டார்கள். அதைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். ஏன் மாட்டார்கள் என்று சொல்லத்தான் ஒரு கட்டுரை தேவைப்படுகிறது.

இந்தியாவில் தொலைத்தொடர்பு நடத்தும் உரிமை முழுக்க மத்திய அரசுடையது. 1885ஆம் வருடத்துத் தந்திச் சட்டம் அப்படித்தான் ஆரம்பிக்கிறது. கம்பெனிகள் அந்த உரிமையைச் சில நிபந்தனைகளோடு வாங்கி நடத்துகின்றன. அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு உரிமத்தை ரத்து செய்ய இரண்டு காரணங்களைச் சொன்னது. ஒன்று, நிபந்தனையை மீறுவது. இன்னொன்று, கட்டவேண்டிய பணத்தைக் கட்டாமல் இருப்பது. கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நிபந்தனை என்று என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தால்தான் ஆச்சி ஏன் திண்ணைக்கு வருகிறார் என்பது புரியும்.

2003க்குப் பிறகு கம்பெனிகளுக்குக் கொடுத்த ஒருங்கிணைந்த சேவை உரிமத்தை எடுத்துக்கொள்வோம். பெருநகரங்களை விட்டுவிட்டால், மற்ற வட்டங்களில் (தாலுகா இல்லை, தொலைத்தொடர்புக் கணக்கில் வட்டம் என்றால் ஏறக்குறைய ஒரு மாநிலம்) நிபந்தனை இதுதான்: முதல் வருடத்துக்குள் 10 சதவீத மாவட்டத் தலைநகரங்களில் சேவை வரவேண்டும், மூன்று வருடத்துக்குள் 50 சதவீதத்தில். தமிழ்நாட்டில் அப்போது முப்பது சொச்சம் மாவட்டங்கள். ஆக, முதல் வருடத்துக்கு மூன்று நான்கு ஊர் போதும். மூன்று வருடத்தில் பாதி. கோவை, மதுரை, திருச்சி, சேலம் என்று வருமானம் உள்ள ஊர்களாகப் பொறுக்கிக்கொண்டு போனால், சிவகங்கை பக்கம் எட்டிப் பார்க்காமலேயே கணக்கை முடித்துவிடலாம். பாதிக்கு மேல் போவதும் போகாததும் கம்பெனியின் வியாபார முடிவு. கிராமப்புறங்களுக்குக் கட்டாயம் சேவை தரவேண்டும் என்ற தேவை இல்லை என்று உரிமத்திலேயே எழுதியிருந்தது. ஏதோ எழுத விட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம், யோசித்து எழுதிய வாசகம் அது.

இதில் எங்கள் ஊருக்கென்று ஒரு வேடிக்கை உண்டு. மாவட்டத் தலைநகரத்துக்குப் பதிலாக அந்த மாவட்டத்தில் வேறு எந்த நகரத்தை எடுத்துக்கொண்டாலும் சரி என்று இன்னொரு வரி இருந்தது. சிவகங்கை தலைநகரம்தான். ஆனால் ஆளும் கடையும் பணமும் புழங்குவது காரைக்குடியில். எந்தக் கம்பெனிக்காரரும் யோசிக்காமல் காரைக்குடியைத்தான் எடுப்பார். காரைக்குடியில் டவர் போட்டால் சிவகங்கை மாவட்டம் முழுக்கப் பெட்டியில் 'டிக்' விழுந்துவிடும். பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான், நெற்குப்பை எல்லாம் அந்தக் கணக்கில் வரவே வராது. கம்பெனிகள் இங்கெல்லாம் வந்தன, இல்லையென்று சொல்லவில்லை. வந்தது வியாபாரத்துக்காக. நிபந்தனைக்குப் பயந்து யாரும் வரவில்லை.

சரி, காரைக்குடியில் சேவை வந்துவிட்டது என்று எப்படித் தீர்மானிப்பது? 2010 முதல் நடந்த அலைவரிசை (ஸ்பெக்ட்ரம்) ஏலங்களின் நிபந்தனைப்படி, நகராட்சி எல்லைக்குள் குறைந்தது 90 சதவீதப் பரப்பில் தெரு மட்டத்தில் சிக்னல் கிடைக்க வேண்டும். 'தெரு மட்டத்தில்' என்பதைக் கவனியுங்கள். சோதிக்க வருபவர்கள் காரில் கருவியை வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவார்கள். செக்காலை ரோட்டில் போய், கல்லுக்கட்டியில் திரும்பி, கொப்புடையம்மன் கோயில் வழியாக வந்தால் வழிநெடுக சிக்னல் காட்டும். காரை முகப்புக்கு எதிரில் நிறுத்திவிட்டு, இறங்கி வளவைத் தாண்டி இரண்டாங்கட்டுக்குள் போய்ப் பார்க்கச் சொல்லி எந்த விதியும் இல்லை. ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீண்டு கிடக்கும் வீடு. பருத்த செங்கல் சுவர், அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு. தாழ்ந்த அலைவரிசை, உதாரணமாக 900 மெகாஹெர்ட்ஸ், இப்படிப்பட்ட சுவரை ஓரளவு தாண்டும். 1800, 2300 என்று மேலே போகப் போக முகப்போடு நின்றுவிடும். ஆச்சி வீட்டில் நடப்பது அதுதான். திண்ணையில் கிடைக்கிறது அல்லவா, உரிமத்தைப் பொறுத்தவரை கம்பெனி தன் வாக்கைக் காப்பாற்றிவிட்டது.

பிற்பாடு வந்த ஸ்பெக்ட்ரம் ஏலங்களில் ஊராட்சி ஒன்றியத் தலைமையிடங்களையும் நிபந்தனைக்குள் கொண்டுவந்தார்கள். அதன்பிறகுதான் சாக்கோட்டை, கல்லல் மாதிரி பெயர்களுக்கு டெல்லிக் கணக்கில் இடம் கிடைத்தது. அங்கேயும் எல்லா ஒன்றியமும் இல்லை, அதில் ஒரு பகுதிதான்.

இவ்வளவு சுளுவான நிபந்தனையையும் நிறைவேற்றாத கம்பெனிகள் இருந்தன. அவர்களை என்ன செய்தார்கள் என்பதுதான் அடுத்த விஷயம்.

எடுத்த எடுப்பில் ரத்து கிடையாது, முதலில் அபராதம். காலக்கெடு தாண்டிய முதல் 13 வாரத்துக்கு வாரம் 5 லட்சம் ரூபாய். அடுத்த 13 வாரத்துக்கு வாரம் 10 லட்சம். அதற்கடுத்த 26 வாரத்துக்கு வாரம் 20 லட்சம். ஒரு வட்டத்துக்கு அதிகபட்சம் 7 கோடி. அதற்கும் மேலே தாமதமானால்தான் உரிமத்தை முடிக்கும் பேச்சே. 2008இல் சென்னையைச் சேர்த்துத் தமிழ்நாடு வட்டத்துக்கு உள்நுழைவுக் கட்டணம் 233 கோடி. அதில் 7 கோடி என்றால் நூற்றுக்கு மூன்று. வட்டிக்கடை நடத்திப் பழகிய ஊர் இது, விளக்க வேண்டியதில்லை. அலைவரிசை விலை ஏறிக்கொண்டே போகும் காலத்தில், ஒரு வருடம் சும்மா கையில் வைத்திருக்க மூன்று சதவீதம் என்பது தண்டனை ஆகுமா? எந்தக் கடையில் கிடைக்கும் அந்த வட்டிக்கு?

இதைச் சும்மா ஊகமாகச் சொல்லவில்லை. 2008 ஜனவரியில் நாடு முழுமைக்கும் உரிமம் 1,658 கோடி ரூபாய்க்குப் போனது. அது 2001ஆம் வருடத்து விலை. அப்படி வாங்கியவர்களில் ஒன்று யுனிடெக் குழுமம். அவர்கள் ஒரு போன் இணைப்புகூடக் கொடுப்பதற்கு முன்பே, நார்வேயின் டெலினார் கம்பெனி உள்ளே வந்து 67 சதவீதப் பங்குக்கு 6,100 கோடிக்கு மேல் போட ஒப்புக்கொண்டது. டவர் போட்டு சம்பாதிப்பதைவிட உரிமத்தைக் கையில் வைத்திருப்பதே லாபம் என்ற நிலை. நிபந்தனை மீறலுக்கு ரத்து என்ற ஆயுதம் அப்போதுதான் வேலை செய்திருக்க வேண்டும்.

ஆனால் அந்த ஆயுதம் யார் கையில் இருந்தது என்று பாருங்கள். 1997இல் டிராய் வந்தது. ஒழுங்குமுறை ஆணையம் என்று பெயர். நிபந்தனையை நிறைவேற்றாத உரிமத்தை ரத்து செய்யச் சொல்லிப் பரிந்துரைக்கலாம் என்று அதன் சட்டத்திலேயே இருக்கிறது. பரிந்துரைக்கத்தான் முடியும். ரத்து செய்வது தொலைத்தொடர்புத் துறை, அதாவது அமைச்சர். அவர்கள் 60 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொடுத்தால் கம்பெனி தொலைத்தொடர்புத் தகராறுகளை விசாரிக்கும் டிடிசாட் தீர்ப்பாயத்துக்குப் போகும், அங்கிருந்து உச்ச நீதிமன்றம். ஸ்பெக்ட்ரம் எங்கள் கைக்கு வந்ததே தாமதம், டவருக்கு அனுமதி கொடுத்ததும் தாமதம், அந்த நாட்களைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள் என்று வாதாடும். பாதி நேரம் அது நியாயமான வாதமாகவும் இருக்கும். 2010இல் டிராய் கூட்டிக் கழித்துப் பார்த்து, பல உரிமங்களை ரத்து செய்யலாம் என்று எழுதியே கொடுத்தது. கோப்பு நகர்வதற்குள் வேறொரு இடி விழுந்துவிட்டது.

2012 பிப்ரவரி 2. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.எஸ். சிங்வி, ஏ.கே. கங்குலி அமர்வு 122 உரிமங்களை ஒரே தீர்ப்பில் ரத்து செய்தது. இந்தியத் தொலைத்தொடர்பில் ரத்து என்றால் எல்லோருக்கும் ஞாபகம் வருவது இதுதான். ஆனால் இது நிபந்தனை மீறலுக்கான ரத்து இல்லை. கொடுத்த முறையே தப்பு என்று சொன்ன ரத்து. முதலில் வருபவருக்கு முதலில் என்றார்கள். விண்ணப்பிக்க 2007 அக்டோபர் 1 கடைசி நாள் என்று அறிவித்துவிட்டு, பிறகு செப்டம்பர் 25 வரை வந்ததுதான் கணக்கு என்று பின்னால் இழுத்தார்கள். 2008 ஜனவரி 10 மதியம் 2.45க்கு அறிக்கை, 3.30க்கு சஞ்சார் பவனுக்கு வரச் சொன்னார்கள். முக்கால் மணி நேரத்தில் கோடிக்கணக்கில் டிமாண்ட் டிராஃப்ட்டோடு வந்து நிற்க வேண்டுமென்றால், விஷயம் முன்கூட்டியே தெரிந்தவர்களால்தான் முடியும். எங்கள் பக்கம் டீக்கடைகளில் அந்தப் பேச்சு கூடுதலாகவே ஓடியது, ஏனென்றால் 2008 ஜனவரியில் நிதியமைச்சர் கண்டனூர்க்காரரான ப. சிதம்பரம். அவர்மீதும் விசாரணை வேண்டும் என்ற மனுவை உச்ச நீதிமன்றம் 2012 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. 2ஜி வழக்கில், அப்போது தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்த ஆ. ராசா உட்பட எல்லோரையும் 2017 டிசம்பர் 21 அன்று சிபிஐ சிறப்பு நீதிமன்றம் விடுவித்தது. ஆனாலும் 122 ரத்து ரத்துதான். அது சிவில் தீர்ப்பு, இது கிரிமினல் வழக்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு "அப்ப உரிமம் திரும்பி வந்துடுச்சா?" என்று இன்றைக்கும் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு அந்தச் சமயத்தில் ஞாபகம் இருப்பது வேறொன்று. காரைக்குடியில் வழக்கமாக ரீசார்ஜ் செய்யும் கடையில் ஒரு பையன் கம்ப்யூட்டரில் செருகி இன்டர்நெட் பார்க்கும் 'டாங்கிள்' வாங்கிக்கொண்டிருந்தான். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "தம்பி, ஆறு மாசம் ஓடினா லாபம்னு நெனச்சு வாங்கு" என்றார். கம்பெனியின் பெயர் எதற்கு? என் மேசை இழுப்பறையிலும் அந்தக் காலத்து சிம் இரண்டு கிடக்கின்றன. நீதிமன்றம் நான்கு மாதம் அவகாசம் கொடுத்தது, பிறகு நீட்டியது. 2012 நவம்பரில் ஏலம் நடந்தது. வட்டங்களை விட்டுவிட்டுப் போனவர்கள் போனார்கள். யுனிடெக்கும் டெலினாரும் சேர்ந்து நடத்திய யுனினார் தமிழ்நாட்டைவிட்டுப் போனது. 2011 ஜனவரி 20 முதலே நாடு முழுக்க எண் மாறாமல் கம்பெனி மாற்றும் வசதி வந்திருந்ததால் அடி கொஞ்சம் மெதுவாக விழுந்தது.

ரத்தில் சிக்கல் இங்கேதான். கம்பெனியைத் தண்டிக்கப் போட்ட உத்தரவு, முதலில் சிம் வைத்திருப்பவர் தலையில் விழுகிறது. செட்டிநாட்டிலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை நடத்த, போன காலத்தில், கடையை நடத்தும் ஏஜெண்டுக்குப் பெரும்பாலும் மூன்று வருடத் தவணை. தவணை முடிந்தால், அடுத்தவர் வந்து பேரேட்டைப் பார்த்து, நிலுவையை ஒப்புக்கொண்ட பிறகுதான் பழையவர் ஊர் திரும்புவார். கடன் வாங்கியவர், பணம் போட்டவர் யாருக்கும் கடை ஒருநாளும் மூடியிருக்காது. உரிம ரத்தில் அந்த ஒப்புக்கொள்ளல் இல்லை. கம்பெனி தானாக உரிமத்தை ஒப்படைத்தால்கூட அரசுக்கு 60 நாள் முன்னறிவிப்பு, வாடிக்கையாளருக்கு 30 நாள். அந்த முப்பது நாளில் பேங்க், ஆதார், பென்ஷன், கேஸ் பதிவு எல்லாம் தொங்கும் எண்ணை அவரவர் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஒழுங்குமுறை அதிகாரிகளுக்கு இது தெரியும். அதனால்தான் நோட்டீஸ் வரை போவார்கள், அதற்குமேல் தயங்குவார்கள். தயக்கம் தெரிந்துவிட்டால் கம்பெனிக்கு எதற்குப் பயம்?

பணம் கட்டாதது என்ற இரண்டாவது காரணத்தில் இந்தத் தயக்கம் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். 2019 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் கம்பெனிகளின் எந்தெந்த வருமானத்தின் மேல் உரிமக் கட்டணம் கணக்கிட வேண்டும் என்பதில் அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பாக்கி மலையாகக் குவிந்தது. சட்டப்படி பாக்கி என்றால் ரத்து. நடந்தது என்ன? 2020 செப்டம்பரில் பத்து வருடத் தவணை. 2021 செப்டம்பரில் நான்கு வருட அவகாசம். 2023 பிப்ரவரியில் வோடஃபோன் ஐடியாவின் 16,133 கோடி ரூபாய் வட்டி பாக்கியை அரசு பங்காக மாற்றிக்கொண்டது. 2025இல் இன்னொரு 36,950 கோடியும் பங்கானது. அரசின் கையில் இப்போது ஏறக்குறைய 49 சதவீதம். கடையைச் சீல் வைக்க வந்தவர் கடைக்கே பங்காளியாகி உட்கார்ந்த கதை. இதைத் தப்பு என்றும் சொல்லிவிட முடியாது. அதை மூடியிருந்தால் தனியாரில் இரண்டே கம்பெனிதான் மிஞ்சியிருக்கும். அப்புறம் ரீசார்ஜ் விலையை யார் கேட்பது?

உரிமம் ரத்தாகாமலே போன் செத்துப்போவதும் உண்டு. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அது 2018 பிப்ரவரி. ஏர்செல் 1999இல் இங்கேதான் பிறந்தது. மாநிலத்தில் வீட்டுக்கு ஒரு ஏர்செல் சிம் இருந்தது என்றால் மிகை அதிகமில்லை. கடன் முற்றி, டவர்கள் ஒவ்வொன்றாக அணைந்து, பிப்ரவரி மூன்றாம் வாரம் திடீரென்று மாநிலம் முழுக்க 'நோ சர்வீஸ்'. மாதக் கடைசியில் கம்பெனி திவால் மனு போட்டது. எந்த ஒழுங்குமுறை அதிகாரியும் எந்த உரிமத்தையும் பறிக்கவில்லை. காகிதத்தில் உரிமம் முழு ஆரோக்கியத்தோடு இருந்தது. பிறகு 2020இல் திவால் சட்டத்தில் ஒரு விளக்கம் சேர்த்தார்கள். திவால் நடவடிக்கை நடக்கும்போது, நடப்புக் கட்டணம் ஒழுங்காகக் கட்டினால், திவால் என்பதைக் காரணம் காட்டி உரிமத்தை நிறுத்தவோ முடிக்கவோ கூடாது என்கிறது அது. கம்பெனியை விற்றுக் கடன்காரர்களுக்குக் கொடுக்க உரிமம் உயிரோடு வேண்டும் அல்லவா.

அப்படியானால் நிபந்தனை மீறியதற்காக உண்மையிலேயே உரிமத்தைப் பறிக்கும் நாடு இருக்கிறதா? இருக்கிறது. 2021 அக்டோபர் 26 அன்று அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, சைனா டெலிகாம் கம்பெனியின் அமெரிக்கக் கிளைக்கு இருந்த அனுமதியை ரத்து செய்தது. பாதுகாப்பு அச்சம்தான் பெரிய காரணம். ஆனால் 2007இல் அரசுக்கு எழுதிக்கொடுத்த உறுதிமொழியை மீறியதையும் தனியாகச் சுட்டிக்காட்டினார்கள். 60 நாளில் மூடு என்றார்கள். வாடிக்கையாளர்கள் வேறு கம்பெனிக்குப் போவது எப்படி என்று சீன மொழியிலும் விளக்கம் போட்டார்கள். 2022 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இவ்வளவு வேகம் எப்படி என்றால், அங்கே மூடினதால் பெரும்பாலான அமெரிக்கர்களின் போன் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. வங்கதேசத்தின் முதல் செல்போன் கம்பெனியான சிட்டிசெல்லை 2016 அக்டோபரில் பாக்கிக்காக நிறுத்தியதும் அப்படித்தான், அது ஏற்கெனவே வாடிக்கையாளர்களை இழந்து ஒடுங்கியிருந்த நேரம். சின்னக் கம்பெனிக்குக் கத்தி, பெரிய கம்பெனிக்குக் கடிதம்.

இந்தியாவில் 2023இல் வந்த புதிய தொலைத்தொடர்புச் சட்டம் இந்த இடைவெளியைக் கொஞ்சம் நிரப்பப் பார்க்கிறது. பகுதி பகுதியாக அமலாகிற சட்டம், முதல் தொகுதி 2024 ஜூன் 26இல் வந்தது. உரிமம் என்ற சொல்லுக்குப் பதில் இனி 'அங்கீகாரம்'. மீறலுக்கு ஐந்து படி: எழுத்துமூல எச்சரிக்கையில் தொடங்கி 1 லட்சம், 10 லட்சம், 1 கோடி, மிகக் கடுமையான மீறலுக்கு 5 கோடி வரை. விசாரிக்கத் தனி அதிகாரி. அவர் அபராதம் போடலாம், நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ அரசுக்குப் பரிந்துரைக்கலாம். ஆக, பரிந்துரைப்பவர் ஒருவர், வெட்டுபவர் இன்னொருவர் என்ற பழைய ஏற்பாடு அப்படியேதான் இருக்கிறது. எனக்குப் பிடித்தது அபராதப் பட்டியல் இல்லை, 7ஆம் பிரிவு. வாங்கிய அலைவரிசையைத் தக்க காரணமின்றிப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், அந்த அலைவரிசையை மட்டும் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். முழு உரிமத்தைத் தொடாமல், யாருடைய சிம்மும் சாகாமல், சும்மா பூட்டிவைத்திருப்பதை மட்டும் பிடுங்க வழி. இதைப் பெரிய கம்பெனி மேல் பிரயோகிக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

ஆச்சியிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. கம்பெனியை மாற்றிப் பாருங்கள், வேறொன்று வளவு வரைக்கும் எட்டலாம் என்றேன். எண் மாறாது, 'போர்ட்' என்று போட்டு இடம் விட்டு உங்கள் எண்ணை அடித்து 1900க்கு மெசேஜ் அனுப்பினால் ஒரு குறியெண் வரும், அதைக் கடையில் கொடுத்தால் போதும். ஒன்று மட்டும், அந்த மெசேஜ் இப்போது இருக்கிற கம்பெனியின் சிக்னலில்தான் போகும், அது படுத்துவிட்டால் குறியெண் வாங்குவதே பாடு, அதனால் வதந்தி வரும்போதே மாறிவிடுவது நல்லது என்றும் சொன்னேன்.

"அப்ப அந்த மெசேஜைப் போடவும் திண்ணைக்குத்தான் வரணுமா?" என்றார்.

ஆமாம் ஆச்சி, என்றேன்.